பெயிண்ட் வாளியில் காந்தாரி மிளகு

எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுதினால் வரி கோணும், பாதியில் ஒன்று மறந்துபோகும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

பாறசாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்று சென்டில் எங்கள் வீடு. முன்பு வாழையும் தென்னையும் நின்ற ஒரு தோட்டம் இருந்தது, விளை என்போம். அதைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தபின் மகனோடு இங்கே இருக்கிறேன். முற்றம் முழுவதும் சிமெண்ட் கட்டை பதித்தாயிற்று. மழையிலும் காலில் சேறு ஒட்டாது. அது நல்லதுதான்.

எங்கள் சபையில் வருஷத்தில் ஒரு ஞாயிறு ஆத்யபலப் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததில் முதலாவதைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை வெளியே ஏலம் போடுவார்கள். விளை இருந்தபோது நான் வாழைக்குலை கொண்டுபோவேன். இங்கே வந்தபின் காணிக்கைக் கவர்தான். மற்றவர்கள் சேனையும் தேங்காயும் சுமந்து வரிசையில் போக, நான் கவரை மடக்கிப் பிடித்து நடப்பதற்கு ஒரு மாதிரி இருக்கும். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. நானாகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். ஒரு தடவையாவது என் கையால் நட்டதை அங்கே வைக்கவேண்டும் என்று மனதில் கிடந்தது.

மொட்டைமாடியில் பெயிண்ட் வாளி ஒன்று சும்மா கிடந்தது. அதில் வாழை நிற்காது, காந்தாரி மிளகு நிற்கும். மிளகாயை நாங்கள் மிளகு என்றுதான் சொல்வோம். காந்தாரி என்றால் சின்னதாக, வானத்தைப் பார்த்து நிற்கும், வாயில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதை நான் அதுவரை நட்டதே இல்லை. குருவி தின்று எச்சமிடும், வேலியோரம் தானாக முளைக்கும், மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக் கிழங்குக்கு, நசுக்கித் தொட்டுக்கொள்ளப் பறித்து வருவோம். இப்போது குருவியின் வேலையை நான் செய்ய வேண்டிவந்தது. பழுத்த மிளகைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, விதையெடுத்துப் போட்டேன்.

செடி நன்றாகத்தான் வந்தது. விளையில் செய்ததுபோலவே மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினேன். மீனை உப்புக்கல் போட்டு உரசிக் கழுவினால்தான் எனக்குத் திருப்தி. கொஞ்ச நாளில் இலையின் ஓரம் கருகியது, பூ உதிர்ந்தது. பசியாக்கும் என்று எண்ணி இன்னும் ஊற்றினேன். பண்டிகைக்கோ நாலைந்து மாதம்தான் இருந்தது.

துணி காயப்போட வந்த மருமகள் பார்த்தாள்.

"மாமி, இதுக்கு என்ன, காய்ச்சலா?"

"சத்து போதாது மக்கா. மத்தி வாங்கி, கழுவின தண்ணிய ஊத்தினா சரியாவும்."

அவள் குனிந்து, மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். எனக்கு உடம்பு கூசியது.

"உப்பாக்கும் மாமி! நீங்க மிளகு வளக்குதியளா, கருவாடு போடுதியளா?"

"விளையிலயும் இதத்தானே ஊத்தினேன். அங்க ஒண்ணும் ஆகல்லியே."

"அங்க மழை பெய்தா உப்பு இறங்கிப் போவும். வாளிக்குள்ள எங்க போவும்? அடியில ஓட்டை உண்டா?"

ஓட்டை இல்லை. வாளி வாளியாகவே இருந்தது. அவள் ஒரு கம்பியைச் சுடவைத்து அடியில் குத்தினாள். நல்ல தண்ணீரை மேலே ஊற்றி ஊற்றி, கீழே தெளிந்து வரும்வரை விட்டோம். பிறகு இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சிதான் நின்றது. இந்த வருஷமும் கவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். மழை தொடங்கியதும் கணுவில் ஒரு பச்சை தெரிந்தது. அப்புறம் பூ, அப்புறம் பிஞ்சு.

பண்டிகையன்று காலையில் பார்த்தால், பழுத்ததில் பாதியைக் குருவி தின்றிருந்தது. மிச்சத்தைப் பறித்தால் உள்ளங்கை நிறையாது. நான் வாழையிலைத் துண்டோடு நின்றேன்.

"பறிக்கண்டாம் மாமி," என்றாள் மருமகள். "வாளியோட போவோம்."

ஆட்டோவில் காலுக்கிடையில் வைத்துக் கொண்டுபோனோம். வரிசையில் கைப்பிடியை அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து நடந்தோம். பீடத்துக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டேன். கவரை விட வாளி கனம்தானே.

வெளியே ஏலம் தொடங்கியது. கூப்பிட்டவர் வாளியை உயர்த்தினார்.

"எலே, காந்தாரி! செடியோட, வாளியோட! வீட்டுல கிழங்கு உள்ளவனெல்லாம் முன்னுக்கு வா!"

முதலில் ஏலத்தில் எடுத்தவர், "சபைக்கே இருக்கட்டு, ஒருக்க கூட விளி," என்று திருப்பிக் கொடுத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு, பொருளை மறுபடி ஏலம் விடத் திருப்பிக் கொடுப்பது எங்களிடம் வழக்கம். என் செடி பல கைகள் மாறிவந்தது. கடைசியில், நெய்யாற்றின்கரையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் பிடித்துக்கொண்டாள்.

"இது இனி திரும்பி வராது. எனக்கு பால்கனியில வைக்கணும்."

பக்கத்தில் நின்ற ஒருத்தி அவளிடம், "மீன் கழுவின வெள்ளம் ஊத்து, நல்லா காய்க்கும்," என்றாள்.

பின்னாலிருந்தபடியே கத்திவிட்டேன்: "உப்பு போட்ட மீன்வெள்ளம் ஊத்தண்டாம்! செத்துப்போவும்!"

எல்லோரும் திரும்பினார்கள். ஏலம் கூப்பிட்டவர், "அம்மச்சிக்கு இவ்வளவு சத்தம் உண்டா? பாட்டுக்குழுவில சேத்திருக்கலாமே!" என்றார். ஒரே சிரிப்பு. முகம் சுட்டது. ஆனாலும் ஒளியவில்லை. அந்தப் பெண்ணிடம் நடந்துபோய், ஓட்டை, வெயில், அரிசித் தண்ணீர் எல்லாம் சொன்னேன். அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு செடியிலிருந்து இரண்டு பழத்தைக் கிள்ளி என் கையில் வைத்து, "விதைக்கு வச்சுக்கோங்க அம்மச்சி," என்றாள்.

அந்த விதை இப்போது வேறொரு வாளியில் முளைத்திருக்கிறது. ஓட்டையை முதலிலேயே போட்டுவிட்டேன்.

செடி மூன்று தடவை ஏலம் போனதாக எனக்கு நினைவு. மருமகள் நாலு என்கிறாள். முதலில் எடுத்தது யார் என்பதும் மறந்துவிட்டது. அன்று அங்கே நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால், சரிதானா என்று பார்த்துத் திருத்தித் தாருங்கள்.