நேர்ச்சைக் கடாவும் ஆய்வு வேலியும்

வாப்பா மௌத்தாகிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. ஆறுதல் சொல்ல வருபவர்கள் கடாவின் கதையைத் தொடங்கி, முடிக்க முடியாமல் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். எழுதிவைப்பது நல்லது.

வாப்பாவின் பெயர் நெய்னார். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தவர். குறிஞ்சிப்பிட்டியில் ஆடு வளர்த்து என்னைப் படிப்பித்தார். நான் மண்ணியல் படித்தேன். யுத்தம் முடிந்த பிறகு எங்கள் ஆய்வுக் குழு அவர் ஆடு மேய்த்த ஊர்ப் பொதுத் தரைக்கே வந்து சேர்ந்தது.

தரை மணலாகிக்கொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை அள்ளி மிளகாய்த் தோட்டங்களில் கொட்டியது. தரை முழுவதையும் மூன்று வருடம் வேலியடைத்து, ஆடில்லாமல் புல் மீளுமா என்று பார்ப்பது பேராசிரியரின் திட்டம். அது நடந்தால் வாப்பா ஆடுகளை விற்க வேண்டும். மேய்க்க வேறு தரை இல்லை.

"ஒருக்கா எல்லாத்தயும் உட்டுட்டு வந்தவன் நான். இன்னொருக்காவா, மகள்?" என்றார்.

முதலில் ஒரு மூலையில் சிறிய வேலி போட்டுப் பார்த்தோம். அதன் படலைக் கதவை மூடியே வைப்பதாக ஆட்டுக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், வாப்பா உட்பட. மழைக்குப் பிறகு புல் அளக்கப் போனோம். புல் இல்லை. புழுக்கைதான் நிறைய இருந்தது.

"யார் படலையைத் திறந்தது?" என்றார் பேராசிரியர்.

பக்கத்துக் காணிக்காரர் மரியநாயகம் கையை உயர்த்தினார். "நான்தான் சேர். கடா வந்து நிண்டுது."

"எந்தக் கடா?"

"நெய்னார் நானாட கடா. பள்ளிக் கந்தூரிச் சாப்பாட்டுக்கு நேந்து உட்டது. அத மறிக்கேலுமா?"

"நீங்கள் கத்தோலிக்கர்தானே?"

"நேத்தி நேத்திதானே சேர். தலவில அன்னம்மா கோயிலுக்கு நான் ஒண்ட நேந்து உட்டா நானாவும் மறிக்கமாட்டார்."

வாப்பாவின் கையும் உயர்ந்தது. பிறகு இன்னோர் ஆட்டுக்காரரான ஹவ்வா உம்மாவின் கை. பிறகு எல்லோருடைய கைகளும்.

"ஒரு கடாவா இவ்வளவும் தின்றது?"

"அது போனா மத்ததெல்லாம் பின்னால போகும் சேர்," என்றார் வாப்பா. "மாப்பிள்ள ஊர்வலம் மாதிரி."

அப்போது கடாவே வந்தது, கழுத்தில் பச்சைத் துணியோடு. படலையில் நின்ற பேராசிரியரைப் பார்த்தது. பேராசிரியர் அதைப் பார்த்தார். பிறகு மெல்ல விலகி வழிவிட்டார்.

"சேரும் மறிக்கல்ல!" என்றார் மரியநாயகம். பேராசிரியர் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பின்னேரமே புதிய திட்டம் எழுதினோம். தரையை நான்காகப் பிரிப்பது. ஒரு பங்கில் மேய்ச்சல், மற்றவற்றுக்கு ஓய்வு, பிறகு முறை மாற்றம். ஒரு சிக்கல்தான் மிஞ்சியது: ஓய்வுத் தரைக்குள் கடா போனால்?

"மறிக்கத்தான் கூடாது," என்றார் வாப்பா. "கூப்பிடலாம்தானே?"

"கந்தூரிக்கு அத அறுத்த பிறகு?" என்றார் மரியநாயகம்.

"இன்னொண்ட நேந்து உடுவம். ஆராய்ச்சி முடியிற வரைக்கும் அல்லாட பரக்கத்துத்தான்."

தொடக்க நாளில் வாப்பா சாரத்தை மடித்துக் கட்டி, முருங்கைக் கொப்பை ஆட்டிக்கொண்டு முதற் பங்கை நோக்கி ஓடினார். பின்னால் கடா. அதன் பின்னால் ஊர் ஆடுகள் முழுவதும். அளவு நாடாவை இழுத்தபடி பேராசிரியர். ஹவ்வா உம்மா குரவை போட்டார். பாதி வழியில் கடா எட்டிக் கொப்பைப் பறித்துவிட்டது. வாப்பா வெறுங்கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். அப்படியும் அது அவர் பின்னாலேயே போனது.

படலைக்குள் போய் மூச்சிரைக்க நின்றார். தொப்பி எங்கோ விழுந்திருந்தது.

"ஒண்டயும் விக்கல்ல, மகள்," என்றார். "ஒண்டயும்."