பூட்டு வியாபாரி வீட்டுப் பிரசவம்

பக்கத்து வீட்டு அடுப்பில் ஏதாவது கொதித்து, மூடி கடகடவென்று ஆடினால் போதும், இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஊசியும் கத்தரியும் கொதிக்கிற பாத்திரம் அப்படித்தான் ஆடும். ஓடிப்போய் இறக்காவிட்டால் தண்ணீர் வற்றிக் கருகிவிடும். "உக்காருங்கத்தே, அது பருப்புச் சட்டி" என்று தம்பி மகள் சிரிப்பாள். உட்கார முடிந்தால்தானே! வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தவர்கள் என் காலுக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள் போல.

கால்களை அப்படிப் பழக்கியவள் எங்கள் வெள்ளைக்கார மேட்ரன். யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள் அவை. வார்டில் நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அந்த நாற்காலியையே வெளியே எடுத்துப் போடச் சொல்லிவிடுவாள். ராத்திரி கால் வீங்கி, செருப்பு கழலாது. ஊரில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் என்னைப் பெற்ற ஐயா "மதுரையில படிக்குது" என்பார். நர்ஸ் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. வாடகைக்கு அறை கேட்கப் போனால், "நர்ஸம்மாவா? கண்ட நேரத்துல வருவீக, கண்ட நோயையும் கூட்டியாருவீக" என்று கதவைச் சாத்தினார்கள். காலரா வந்தபோது அதே கதவைத் திறந்துகொண்டு என்னைத் தேடி வந்தார்கள். போனேன். போகாமல் என்ன செய்வது?

ஆனால் நோயாளிகள் பேச்சு கேட்கக் கிடைத்தது பாருங்கள், அதற்காகவே இன்னொரு தடவை நர்ஸாகலாம். அவனியாபுரத்துச் சம்சாரி ஒருவர், "வயித்துக்குள்ள எவனோ ஏர் பூட்டி உழுறான் தாயி, அவனைக் கொஞ்சம் கரையேறச் சொல்லு" என்றார். ஒரு நெசவுக்கார அம்மா, "தலைக்குள்ள தறி ஓடுது" என்றாள். டாக்டர் அதைத் தலைவலி என்று எழுதிக்கொண்டார். எனக்கு மனசு ஆறவில்லை. தறி எங்கே போயிற்று?

வலியைப் பற்றிப் பேசினால் எனக்கு நினைப்பு ஜமீலாவிடம் போய்த்தான் நிற்கும். வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்க்க என்னைப் போட்டிருந்த சமயம். தெற்குவாசலுக்குள்ளே ஒரு சந்தில் அவள் வீடு. புருஷன் பூட்டு வியாபாரி. நான் போனது முற்பகலில். அவளுக்கோ முந்தின நாளே வலி கண்டுவிட்டது. தொட்டுப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. என்னால் ஆகிற காரியமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்க வழியுண்டு. வீட்டிலேயே வைத்திருந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும்.

"பட்டப்பகல்ல, கோஷாப் பொண்ண, தெரு வழியாவா?" என்றார் அவள் மாமியார். "கல்யாணமாகி உள்ள வந்தவ, இன்னும் வாசலப் பார்த்ததில்ல."

கெட்டவர் இல்லை. அழுது கண் வீங்கியிருந்தது. அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். பிரசவம் இழுத்துக்கொண்டு போனால் வீட்டில் பூட்டிக் கிடக்கிற அத்தனையையும் திறந்துவிட வேண்டும், அப்போது பிள்ளைக்கும் வழி திறக்கும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மற்ற வீட்டில் டிரங்குப்பெட்டி, அலமாரி என்று சட்டென முடிந்துவிடும். இது பூட்டு வியாபாரி வீடாயிற்றே! கூடமெல்லாம் சாக்கு சாக்காகப் பூட்டு. நடுவே அந்த மனுஷர் சாவிக் கொத்துகளோடு உட்கார்ந்து, வேர்க்க விறுவிறுக்க ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார்.

"பாய், அதை விட்டுட்டு வண்டி கூப்பிடுங்க."

"இன்னும் ஒரு சாக்குத்தான் நர்ஸம்மா."

"சாவி சேரலைன்னா?"

"உடைச்சிருவேன்" என்றார். அடுத்த பூட்டை எடுத்தார்.

கெஞ்சினேன். அதட்டினேன். மேட்ரன் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினேன். அறைக்கும் கூடத்துக்குமாக அலைந்தேன். மாமியார் என் மருந்துப் பையைப் பார்த்து, "அதுலயும் பூட்டுத் தொங்குது, தொறந்தியாம்மா?" என்று கேட்டார். அதையும் திறந்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

அப்போதுதான் இரண்டு வலிக்கு நடுவே உள்ளேயிருந்து ஜமீலா பேசினாள். "மாமி... அம்புட்டையும் தொறந்தீகளே. தெருக்கதவ மட்டும் ஏன் தாப்பாப் போட்டு வச்சிருக்கீக?"

கூடத்தில் சாவிச் சத்தம் நின்றது. மாமியார் தாமே எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தார். "வண்டியச் சொல்லுடா. நானும் வாரேன்" என்றார்.

சந்துக்குள் ஜட்கா வண்டி வராது, முனையில்தான் நிற்கும். ஜமீலாவை நாற்காலியில் உட்காரவைத்து, புருஷனும் அவர் தம்பியும் தூக்கினார்கள். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள் துப்பட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். மாமியார் முன்னால் போய் ஏதோ ஒரு சொல் சொன்னார். மிட்டாய்க் கடைக்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். பேச்சு மூச்சில்லை. அதில் ஒருவர் மட்டும், சுவரைப் பார்த்தபடியே, "பார்த்துப் போங்கண்ணே, அங்கன பள்ளம் கெடக்கு" என்றார். நாற்காலி தூக்கியவர்கள் சட்டென்று ஒதுங்கினார்கள். இல்லாவிட்டால் விழுந்திருப்போம்.

லேடி டாக்டர் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார். பெண் குழந்தை. இரண்டு உயிரும் தங்கின.

பிற்பாடு பிள்ளைக்கு இருமல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள் ஜமீலா. "அன்னைக்குத்தேன் நர்ஸக்கா மொதமொதல்ல எங்க தெருவப் பார்த்தேன். துப்பட்டி விலகுன எடத்துல எல்லாம் முதுகு! கல்யாணத்தன்னைக்கு எங்க மச்சான் மொதல்ல முகத்தக் காட்டுன மாதிரி இந்த ஊரு முதுகக் காட்டுச்சு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன மாசம் அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. சந்தை இடித்து அகலமாக்கிவிட்டார்கள். ஜட்கா நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. துப்பட்டி பிடித்த பெண்களில் ஒருத்தியும் இப்போது இல்லை. பள்ளம் கிடக்கிறது என்று சொன்னவர் யாரென்று விசாரிக்கலாமா என்று கொஞ்ச நேரம் கடை கடையாக நின்று நின்று நடந்தேன். என்ன அடையாளம் சொல்லி விசாரிப்பது? சட்டையில்லாத ஒரு முதுகு, தோளில் ஒரு ஈரத்துண்டு. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.