உப்பில் ஊறிய ஒரு கலம் விதை

எங்களுக்குக் கொடுத்த பட்டாவில் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று வருடத்துக்குள் நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளும். கழக ஆட்சி வந்து, உச்சவரம்புக்கு மேல் இருந்த நிலத்தைக் கூலி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்த காலம் அது. பண்ணை நிலத்தில் நல்ல வயல்கள் எல்லாம் எப்படியோ வேறு பெயர்களுக்குப் போய்விட்டன. எங்களுக்கு வந்தது வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் மூன்று மா, ஒரு ஏக்கருக்குச் சரி. நாகூர் போகிற வழியில், கடலுக்கு இரண்டு மைல் கூட இருக்காது. கோடையில் அந்த மண் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். நடந்தால் காலடியில் நொறுங்கும்.

முதல் வருடம் ஆற்றுத் தண்ணீர் எங்கள் வரைக்கும் வரவே இல்லை. இரண்டாம் வருடம் விதைத்தது முளைத்து, ஒரு சாண் வந்து, நுனி கருகிப் போனது. மூன்றாம் வருடம்தான் கடைசி. உவர் தாங்குகிற குழியடிச்சான் நெல் கிடைத்தால் தப்பிக்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். புது விதைகள் வந்தபிறகு அந்த நெல்லை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வீட்டில் இருந்தது, அது பண்ணை வீடு. கூலித் தகராறில் இரண்டு பக்கமும் மண்டை உடைந்திருந்த வருடம். அவர் போய்க் கேட்க முடியாது. அதனால் நான் போனேன்.

அந்த வீட்டுக் களத்தில் பல வருடம் நெல் தூற்றியவள் நான். கொல்லைப்பக்கம் போய் நின்றேன். பண்ணை வீட்டு அம்மா வந்து என்ன வேண்டும் என்று மூன்று தரம் கேட்டார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இதுதான் கோளாறு. அஞ்சாம் வகுப்பில் வாத்தியார் எழுந்து வாசிக்கச் சொன்னால் எழுத்தெல்லாம் தெரியும், குரல் மட்டும் வராது. கடைசியில் நெல்லின் பெயரை மட்டும் சொன்னேன். அவர் தன் கையாலேயே பன்னிரண்டு மரக்கால், ஒரு கலம், அளந்து சாக்கில் போட்டுக் கட்டி என் தலையில் தூக்கி வைத்தார். ஆம்பளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்றார். எதற்காகக் கொடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விதை நெல்லை ஒரு ராத்திரி, ஒரு பகல் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு எடுத்து வைக்கோல் மூடிப் பாரம் ஏற்றி வைப்பார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ சாக்குக்குள் கை விட்டால் கதகதவென்று இருக்கும், வெள்ளையாக முளை குத்தும். பண்ணைக் குளத்தில்தான் ஊர் முழுக்க விதை ஊறப்போடும். அந்த வருடம் குளக்கரையில் காவல் போட்டிருந்தார்கள். கைபம்பில் ஒரு குடம் பிடிக்கவே வரிசை நிற்க வேண்டும்.

அந்த நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. வெறும் சேறாகக் கிடந்த வாய்க்கால் விடிந்து பார்த்தால் முட்டளவு நிறைந்திருந்தது. மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவே ஓடியது. என் வீட்டுக்காரர் சாக்கைக் கொண்டுபோய் அதில் இறக்கிவிட்டு வந்தார். யாரும் ஒரு வாய் எடுத்துக் குடித்துப் பார்க்கவில்லை. தண்ணீர் மேலே இருந்து வரவில்லை. அன்று அமாவாசை. கடல் ஏறி, வடிகால் வழியாகக் கீழேயிருந்து உள்ளே வந்த தண்ணீர் அது. கடைமடையில் இருப்பவர்கள் தண்ணீருக்காக ஏங்கி ஏங்கி, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கிற புத்தியை விட்டுவிட்டோம்.

வாய்க்காலிலிருந்து எடுத்து வைக்கோல் மூடி வைத்த சாக்குக்குள் மூன்றாம் நாள் அவர் கை விட்டார். சூடு இல்லை. முளை இல்லை. மூடிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் கை விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கை காய்ந்து, விரல் இடுக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

ஒரு பிடி நெல்லை எடுத்துக் குடிக்கிற தண்ணீரில் மூன்று தரம் அலசினேன். நாலாவது தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, பழைய புடவைக் கிழிசலில் முடிந்து, அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. முளைத்தால் சொல்லலாம், முளைக்காவிட்டால் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் முடிச்சைப் பிரித்தால், பாதி நெல்லில் வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்தது.

முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் என் வீட்டுக்காரர் கூட்டிவந்த கூலிச் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பெரியவர் ஒருவர் சாக்கைக் கவிழ்த்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்குச் சந்தேகமே இல்லை. பண்ணையில் விதையின் மேல் வெந்நீர் ஊற்றிக் காயவைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பார்வைக்குத் தெரியாது, நிலம் தரிசாகத் திரும்பிப் போகட்டும் என்று செய்த வேலை என்றார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏம்மா தங்கச்சி, அந்தம்மா ஒன் கண்ணு முன்னாடியா அளந்துச்சு, உள்ள போயி அளந்துகிட்டு வந்துச்சா?"

"முன்னாடிதாங்க" என்றேன்.

"அண்ணி சொல்லிட்டாங்கப்பா. முன்னாடியே அளந்துச்சாம். வெந்நீர மட்டும் பின்னாடி ஊத்திருக்கும்" என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். அந்த நேரத்தில் நான் கையை விரித்திருந்தால் போதும், வாய்கூடத் திறக்க வேண்டாம். பத்து ஆம்பளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கை முந்தானைக்குள் போய்விட்டது.

சாக்கைத் தூக்கிக்கொண்டு, கொடி பிடித்துக்கொண்டு போனார்கள். பண்ணை வாசலில், ரோட்டிலிருந்து கேட் வரைக்கும், ஒரு கலம் விதையையும் வாரி இறைத்தார்கள். போலீஸ் வந்தது. அத்துமீறல் என்று கேஸ் எழுதி ஆறு பேரைக் கொண்டுபோனார்கள். அவரும் அதில் ஒருத்தர். நான் முடிச்சைக் கூரை இடுக்கில் சொருகி வைத்தேன்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது.

ஒரு வாரம் கழித்துப் பண்ணை வாசலில் பச்சையாகக் கிடக்கிறது என்று பேச்சு வந்தது. போய்ப் பார்த்தேன். ரோட்டோரத்தில், கேட்டுக்கு முன்னால், வண்டித் தடத்தில், எங்கே பார்த்தாலும் நாற்று. மழை உப்பை அலசிவிட்டது, அவ்வளவுதான். ஆடுகள் மேய்ந்தது போக, வண்டி ஏறியது போக, ஒரு மூலையில் நன்றாகவே நின்றது. பண்ணை வீட்டு அம்மா கேட்டுக்கு உள்ளே நின்றிருந்தார்.

"வெந்நீர் ஊத்துன கைன்னு சொன்னீங்களாமேடி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "மிச்சத்தையும் மாடு திங்கிறதுக்குள்ள பிடுங்கிக்கிட்டுப் போ."

குனிந்து பிடுங்கினேன். அவர் உள்ளே போகும்வரை நான் நிமிரவில்லை. இரண்டு மடி நிறைய வந்தது. எங்கள் வயலில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்த ஒரு மூலையில் தனியாளாக நட்டேன். கால் மா கூட வந்திருக்காது. ஆனால் பயிர் நிற்கிறது என்று யாராவது வந்து பார்த்தால் காட்டலாம்.

நட்ட பிறகு வெயில் வந்தது. மழைத் தண்ணீர் வற்ற வற்ற, கீழே இருந்த உப்பு மேலே ஏறியது. நாலாம் நாள் நுனி மஞ்சளானது, எட்டாம் நாள் பயிர் வைக்கோலாக நின்றது. உவர் தாங்குகிற நெல்லுக்கே அந்த உப்பு தாங்கவில்லை.

ரொம்ப வருடம் கழித்து ரேடியோவில் ஒரு விவசாய அதிகாரி பேசக் கேட்டேன். விதைக்குள் முளைக்கச் சொல்கிற ஒரு சத்தும், முளைக்காதே என்று தடுக்கிற ஒரு சத்தும் இருக்கிறதாம். தண்ணீரில் உப்பு இருந்தால் தண்ணீர் சரியாக உள்ளே ஏறாதாம், தடுக்கிற சத்து ஓங்கிவிடுமாம். உப்பு கழிந்து நல்ல தண்ணீர் பட்டால், கெட்டுப் போகாத விதை முளைத்துவிடுமாம். விதையாக இருக்கும்வரை பொறுத்துக்கொள்ளும், முளைத்து இளம்பயிரான பிறகு அதற்கு அந்தப் பொறுமை கிடையாது என்றார். ரேடியோவை நிறுத்திவிட்டேன். அந்த விதை சாக்குக்குள் முளைக்காமல் இருந்ததுதான் சரி. அதைப் பிடுங்கி அந்த மண்ணில் வைத்தது நான்.

பத்தொன்பதாம் நாள் அவர் ஜாமீனில் வந்தார். வீட்டுக்கு வராமல் நேராக வயலுக்குப் போயிருக்கிறார். நான் தேடிப் போனபோது வரப்பில் உட்கார்ந்து, காய்ந்த பயிர் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"பண்ணை வாசல்லேர்ந்துங்க. மழையில முளைச்சிருந்துச்சு."

வேரை முகர்ந்து பார்த்தார்.

"அப்ப வெந்நீர் ஊத்தல."

"இல்லைங்க."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

கூரையில் அந்த முடிச்சு இன்னும் இருந்தது.

"மழைக்கு அப்புறந்தாங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த வாரம் தாசில்தார், ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணத்தோடு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கவில்லை, இறங்கிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. தரிசு என்று எழுதிக்கொண்டு போனார்கள். தை பிறப்பதற்குள் பட்டா ரத்து என்று காகிதம் வந்தது. அதை நான்தான் எழுத்துக் கூட்டி அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் அவர் இருந்தார். பிறத்தியார் வயலிலேயே வேலை செய்து செத்தார். விதைக்காலம் வரும்போதெல்லாம், சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது தானாகவே சொல்வார், நான்தான் புள்ள அவசரப்பட்டுட்டேன், இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கணும் என்று. ஒவ்வொரு தரமும் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன்.