முற்றத்தில் ஒரு குண்டு

சண்டை ஓய்ந்து இரண்டாவது வசந்தம் வந்தும் எங்கள் எல்லையோர ஊரான யோன்சோனில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாகவே இருந்தது. என் அக்கா ஒக்தானின் கணவர் கியூத்தே, வடக்கே வொன்சான் போகும் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர். இப்போது அந்தத் தண்டவாளம் நாட்டை இரண்டாக வெட்டிய எல்லை முள்வேலியில் போய் முட்டி நின்றது. பாலம் கட்டுகிறார்கள், சாலை போடுகிறார்கள் என்று காதில் விழுந்தால் விடியுமுன் ஓடுவார். பத்து ஆள் வேண்டிய இடத்தில் ஊரே நிற்கும். மேஸ்திரி தெரிந்த முகங்களை எடுத்துக்கொண்டு மற்றவர்களைத் துரத்திவிடுவார்.

வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுச் சங்பேயோடு மலைக்குப் போகத் தொடங்கினார். மண்ணுக்குள் இரும்பும் கிடந்தது, கண்ணிவெடியும் கிடந்தது. இரும்புச் சில்லுகளுக்குப் பழைய இரும்புக்காரர் கொஞ்சம் பார்லி கொடுப்பார். வெடிக்காத குண்டின் பித்தளை மூக்கைக் கழற்றிக் கொண்டுபோனால் ஒரு மூட்டை. மலைப்பக்கம் ஏதாவது அதிர்ந்தால், கஞ்சி கிண்டும் அக்காவின் கை அப்படியே நின்றுவிடும்.

ஒரு மத்தியானம் சத்தம் மலையிலிருந்து வரவில்லை. எங்கள் வேலிக்கு அப்பால், சங்பே வீட்டு முற்றத்திலிருந்து வந்தது. எங்கள் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து தொங்கியது. சங்பேயைக் கூடையில்தான் அள்ள முடிந்தது.

அவரைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நானும் அக்காவும் கீரை பறித்துத் திரும்பினால், முற்றத்தில் அத்தான் குந்தியிருக்கிறார். முழங்கால்களுக்கு இடையில் முழ நீளக் குண்டு. கையில் சுத்தியும் உளியும்.

அக்கா கத்தவில்லை. முதுகில் கட்டிய பிள்ளையோடு போய் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"புள்ளைய தூக்கிட்டு வெளிய போ," என்றார் அத்தான்.

"நீங்க தட்டுங்க. சங்பே பொண்டாட்டி மாதிரி பொறுக்கி எடுக்க என்னால ஆகாது. போனா எல்லாருமா போயிடுவோம்."

"ஒரு மூட்டைடி. அறுப்பு வரைக்கும் தாங்கும்."

"யாருக்கு?"

அவர் சுத்தியைச் சத்தம் வராமல் மெல்லக் கீழே வைத்தார். பிறகு தூங்கும் குழந்தையைப் போலக் குண்டை ஏந்திக்கொண்டு ஓடைப் பள்ளத்துக்கு நடந்தார். நாங்கள் சுவரோடு ஒட்டி நின்றோம். வெறுங்கையோடு திரும்பி வந்தவர் வேலியோரம் வாந்தி எடுத்தார்.

அந்த வசந்தத்தைப் பைன் மரப்பட்டையையும் கீரையையும் தின்று கழித்தோம். இலையுதிர் காலத்தில் சாலைக்குக் கல் உடைக்கக் கூப்பிட்டார்கள். கூலி கோதுமை மாவு. அக்காவும் கூடவே கிளம்பினாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க இனி முடியாது என்றாள்.