சுவரைப் பார்த்துக் குடிக்கும் ஊர்

சென்னைக்கு வந்து நான் முதலில் கற்றுக்கொண்டது, குடிப்பவன் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டலின் பின்கட்டில் பெர்மிட் ரூம் இருந்தது, மதுவிலக்குக் காலத்தில் அரசாங்க அனுமதிச் சீட்டு உள்ளவர் மட்டும் குடிக்கும் அறை. ஜன்னலுக்குப் பச்சைத் திரை. ஐந்து மேசைகள், ஐந்திலும் நாற்காலிகள் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன் பெர்மிட்டைக் கேட்பார்கள். முதல் நாள் நான் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் என்னை எழுப்பி, அதைப் பழையபடி வைத்தார். "தெரிஞ்சவங்க யாரான வந்தா உனக்குத்தான் சார் பேஜாரு" என்றார். இந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ரங்கூனில் இன்னும் இருக்கும் நண்பர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஸ்ட்ராண்ட் ரோடு சீனர் கடைக்குக் கதவே கிடையாது. பத்திரிகை ஆபீசில் கடைசிப் புரூஃப் பார்த்துவிட்டு நாங்கள் அங்கே போவோம். வறுத்த கடலை, பீர், எதிரே ஆறு. சம்பளம் போட்ட முதலாளியே தெருவில் நடந்துபோவார். கையை உயர்த்தி வணக்கம் சொல்வோம், அவரும் சொல்வார். அந்த வாழ்க்கையிலிருந்து பர்மா அரசாங்கம் எங்களைக் கப்பலேற்றியபோது எங்களிடம் மிஞ்சியவை காகிதங்கள்தான். வெளிநாட்டார் பதிவு அட்டையைப் புதுப்பிக்காதவன் ஜெயிலுக்குப் போனான். வைத்திருந்தவன் உயிரோடு கப்பலுக்கு வந்தான். அகதிச் சான்றிதழைக் காட்டித்தான் எனக்கு இங்கே துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலையும் கிடைத்தது: கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது. காகிதம் மனிதனைக் காப்பாற்றும் என்று நம்பாத பர்மா அகதி உண்டா?

பத்திரிகைக்காரன் பழக்கம் போகவில்லை. மாலைகளில் வடசென்னை எங்கே குடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடந்தேன். எண்ணூர்க் கழிமுகப் பக்கம் காய்ச்சிய சாராயம் சைக்கிள் டியூபில் நிரம்பி, ஆட்களின் இடுப்பில் சுற்றிக்கொண்டு திருவொற்றியூருக்கு வரும். ராயபுரத்தில் ரயில் பாதை ஓரம் ஒரு சோடாக் கடையில் இரண்டு விரலைக் காட்டினால் பின்பக்கம் அனுப்புவார்கள். அங்கே நாற்காலி இல்லை. நின்றபடி, மூச்சைப் பிடித்து, ஒரே மடக்கு. ருசி பார்க்க யாருக்கும் நேரமில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனவர் சூசை. என் பக்கத்து வீட்டுக்காரர்; நான் மூட்டை எண்ணும் அதே கப்பல்களில் வின்ச் ஓட்டுகிறவர். கப்பலின் அடித்தளத்திலிருந்து மூட்டைக் கட்டைத் தூக்கிக் கரையில் முட்டை வைப்பதுபோல வைப்பார். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஒரு கிளாஸ். அவ்வளவுதான். ஒருமுறை சோடாக் கடையைச் சோதனை போட்ட போலீஸ், ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு அவர் வீட்டு வாசல் வரை வந்தது. கோயிலுக்குப் போகும் தெரு அது. அவர் மனைவி பிலோமினா என்னிடம் அழுதாள். "நீங்க படிச்சவரு அண்ணே. குடிக்கிறது குடிக்கட்டும், ஜீப்பு வூட்டாண்ட வராம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

வழி என் சட்டைப் பையிலேயே இருந்தது: என் பெர்மிட். நானே சூசைக்குப் பெர்மிட் விண்ணப்பம் எழுதினேன். மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போய்ச் சான்றும் வாங்கினேன். மதுவுக்கு அடிமை, அதில்லாமல் உடல்நலம் கெடும் என்று ஒப்புக்கொண்டால்தான் பெர்மிட். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். நானும் எனக்கு அப்படித்தான் எழுதியிருந்தேன்.

படித்துக் காட்டியதும் சூசை சிரித்தார். "இன்னா நைனா, வாரத்துக்கு ஒரு கிளாஸு அடிக்கிறவன பெருங்குடிகாரனாக்கிட்ட!"

"வழக்கமாக எழுதுவதுதான். பெர்மிட் வந்ததும் இந்த விண்ணப்ப நகலையும் சேர்த்து மடித்துப் பையில் வையுங்கள். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுங்கள். காகிதம் இருந்தால் பயமில்லை."

அடுத்த வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சூசை தூக்கிய கட்டின் கயிறு அந்தரத்தில் அறுந்தது. மூட்டை விழுந்து ஒரு தொழிலாளியின் கால் முறிந்தது. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். கயிறு நைந்திருந்தது, என் கண்ணால் பார்த்தேன். சரக்கு இறக்கும் கம்பெனி விசாரணை வைத்தது. குடிப்பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார்கள். சோடாக் கடைப் பின்பக்கத்தில் நான் பார்த்த முகங்கள் எல்லாம் "இல்ல சார்" என்றன. சூசையின் முறை வந்தது. பையில் கைவிட்டு, பெருமையோடு எடுத்து நீட்டினார். "பெர்மிட்டு கீது சார். கவர்மெண்ட்டு குட்த்தது."

அதிகாரி நகலையும் பிரித்துப் படித்தார். நான் சாட்சி சொல்லப் போனபோது கயிற்றைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

"இது யார் எழுதினது?"

"நான்தான். அன்று அவர் குடிக்கவில்லை, சார். வாரத்துக்கு ஒரு நாள்தான்..."

"அப்போ இதுல எழுதியிருக்கிறது பொய்யா?"

பொய் என்றால் அரசாங்கத்தை ஏமாற்றிப் பெர்மிட் வாங்கியவர். உண்மை என்றால் குடிகாரர். இருபது வருடம் பிறர் வாக்கியங்களைத் திருத்தியவன் நான். நானே எழுதிய இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்த வழியில்லை. சூசை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே அவருக்கு வேலை போயிற்று. காகிதம் இல்லாத மற்றவர்கள் மறுநாள் வழக்கம்போல வேலைக்குக் கப்பலேறினார்கள்.

எழுபத்தொன்றில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். எங்கள் தெருமுனையிலேயே சாராயக் கடை வந்தது. திரையில்லை, பெர்மிட் இல்லை. தெருவைப் பார்த்துப் போட்ட ஸ்டூல்கள். ஏழு வருடமாக நான் ஏங்கிய ரங்கூன் கடை. முதல் நாள் மாலையே போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். பக்கத்தில் அந்த விசாரணை வரிசை முகங்கள்.

காசிமேட்டுக்கு ஐஸ் கொண்டுபோகும் கைவண்டி வந்தது. இழுத்து வந்தவர் சூசை. தோளில் ஈரக் கோணி. கடைக்கு நேரே மூச்சு வாங்க நின்றார்.

"டேய் சூசை, வா மாமு, ஒண்ணு போட்டுகினு போ" என்றான் ஒருவன்.

"வேணாம்பா. ஐஸு கரையுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா பர்மா நைனா, இங்க பேப்பரு கேக்க மாட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். வண்டி நகர்ந்தது, போன வழியெல்லாம் ஈரக் கோடு.

நான் எழுந்து ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன்.

"காத்து அந்தாண்ட வராது சார்" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும்."

சுண்ணாம்பு வாசம் போகாத புதுச் சுவர். முதுகுக்குப் பின்னால் திறந்த தெரு, கடல்காற்று, ரங்கூன் போலவே. அன்றுதான் நான் இந்த ஊர்க்காரனாக உட்கார்ந்தேன்.