தங்கைக்காக நான் பேசிய பேச்சு

எங்கள் பக்கத்தில் பெண்ணை முதலில் கோயிலில் வைத்துத்தான் காட்டுவார்கள். இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்தது போல நடிக்க வேண்டும். பிடிக்காமல் போனால் யாருக்கும் அவமானம் இல்லை. சாமி கும்பிட வந்தோம், போனோம்.

இந்த நடிப்பெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் தங்கைக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள் அவள். கேட்காததற்கும் பதில் வைத்திருப்பவள் நான். அவளுக்கு முப்பதாகி, நான்கு இடம் தட்டிப்போன பிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு வேங்கிக்காலில் அரசாங்க வேலை. போட்டோவைப் பார்த்துவிட்டு, "இவர எனக்குப் புடிச்சிருக்குக்கா" என்றாள். அப்படி அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குக் கோயிலில் பெரிய நந்திக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். பையனின் அம்மா முறைப்படி ஆரம்பித்தார்: "அடடே, நீங்களும் கோயிலுக்கு வந்தீங்களா?"

"இல்லீங்க, உங்களுக்காகத்தான் ஒம்போது மணிலேர்ந்து ஒக்காந்துனு இருக்கோம்" என்றாள் தங்கை.

எங்கள் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அவளுக்குத் தமாஷு ஜாஸ்திங்க" என்று தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. சமையல், கோலம், பாட்டு என்று அவளுக்குத் தெரியாததையெல்லாம் தெரியும் என்றேன். பையன் அவளிடம் ஏதோ கேட்டபோதும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். நன்றாகச் சமாளித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. "உண்மை பேசறாளாம் உண்மை! கைக்கு வந்தத கெடுத்துட்டா" என்று அம்மா ஒரு வாரம் கரித்துக்கொட்டினாள். "நான்தான்க்கா கெடுத்துட்டேன்" என்று தங்கை என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள்.

பிறகு ஒருநாள் அந்த வரனைக் கொண்டுவந்த தரகர் எனக்குப் போன் செய்தார். "பொண்ண ரொம்பப் புடிச்சிருந்துதாம்மா. சூதுவாது இல்லாத பொண்ணுன்னு பையனே சொன்னானாம். நீ பேசுன பேச்சுலதான் பயந்துட்டாங்க. அக்காக்காரி இவ்ளோ மூடி மறைக்கறான்னா வீட்டுல என்னமோ இருக்குதுன்னு நெனச்சிட்டாங்க."

எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை, "யாருக்கா?" என்றாள்.

"ராங் நம்பர்" என்றேன். அந்தப் பொய்யும் எனக்கு உடனே வந்தது. என் வாயை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

போன வருடம் நடந்தது இது. அம்மா இன்னமும் அவளைத்தான் குத்திக்காட்டுகிறாள். அடுத்த வாரம் வேறொரு இடம் வருகிறது. "உன்ன மாதிரி பேச எனக்குக் கத்துக்குடுக்கா" என்று தினமும் சாயங்காலம் என் முன்னால் வந்து உட்காருகிறாள். கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.