நான்தான் என்று சொல்லாத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் மூன்று தட்டு. அதுதான் முன்னிசை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம். குடும்பச் செய்திகள். வாசிப்பது, உங்க நியூஸ்" என்று போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அவள் ஆரம்பிப்பாள். அந்தக் குரல் குடும்பக் குழுவில் போய் விழும். ஆளுக்கொரு ஊரில் இருக்கும் சொந்தங்களில் ஒருவர் சவரம் செய்துகொண்டே கேட்பார். ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பாள். இன்னொருவர் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுத் தனியாகச் சிரித்து, பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்காரும்படி செய்வார்.

நியூஸ் என்பது அவளுக்கு வீட்டார் வைத்த பட்டப்பெயர். பெரியவர்களுக்கு வெறும் நியூஸ். அண்ணன் பிள்ளைகளுக்கு நியூஸ் அத்தை, அக்கா பிள்ளைகளுக்கு நியூஸ் சித்தி. வாசலில் யாராவது வந்து கேட்டால் கணவரும், "நியூஸ் உள்ளதான் இருக்கா" என்பார். யாருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று, யார் வீட்டுத் திரைச்சீலை மாறியது, யார் நாலாவது முயற்சியில் ஓட்டுநர் உரிமம் வாங்கினார் என்பதெல்லாம் அவள் வாயால்தான் உலகத்துக்குத் தெரிய வேண்டும். பெரிய செய்திகளை அவள் தொடுவதில்லை. "சாவு, நோய், சண்டைக்கெல்லாம் தனியா கால் இருக்கு. தானா நடந்து போயிடும். இந்தப் பொடி விஷயங்களைத்தான் யாராவது தூக்கிட்டுப் போகணும்" என்பாள்.

செய்தி முடிந்ததும் துணுக்குக் கேள்வி. அதற்காகத்தான் பாதிப்பேர் காத்திருந்தார்கள். யாருடைய கல்யாண ஃபோட்டோவில் நடுவில் நிற்கும் ஆள் யாரென்று இன்று வரை ஒருவருக்கும் தெரியாது? நீச்சல் தெரியாமலே நீச்சல் உடை வாங்கி வைத்திருப்பவர் யார்? கேள்வி போய்ச் சேர்ந்த மறுநொடி முதல் பதில் வந்துவிடும். அது பெரியண்ணனுடையது. எந்தக் கேள்வியானாலும் அவருக்கு ஒரே பதில்தான்.

"நான்தான்."

இரட்டைப் பிள்ளை பெற்றவர் யார் என்று கேட்டாலும் நான்தான். இரண்டு வயதில் மண்ணைத் தின்றவர் யார் என்றாலும் நான்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் பேசுவது குறைவு. வாரத்துக்கு அந்த ஒரு வார்த்தைதான் அவருடைய நகைச்சுவை. அது வந்து விழுந்த பிறகுதான் மற்றவர்கள் சரியான பதிலைத் தேடத் தொடங்குவார்கள்.

வேலை செய்யும் இடத்தில் அவள் வேறு ஆள். லாண்டரிக் கடையில் துணி வாங்கும் மேசை அவளுடையது. வரும் சட்டையின் காலரைப் பார்ப்பாள், கறை இருந்தால் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போடுவாள், டோக்கனை ஊசியால் குத்துவாள். அதற்கு முன் பாக்கெட்டில் கைவிட்டுத் துழாவ வேண்டும். சீப்பு, மாத்திரை, சினிமா டிக்கெட், சிலசமயம் இருக்கக்கூடாத ஒரு மோதிரம். எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு டோக்கனோடு இணைத்து, துணியை வாங்க வருபவரிடம் ஒரு சொல் இல்லாமல் கொடுத்துவிட வேண்டும். முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்: "கை உள்ள போகலாம். வாய் உள்ள போகக்கூடாது." இத்தனை வருஷத்தில் அவள் அந்தச் சட்டத்தை மீறியதே இல்லை. வாரம் முழுக்க அடக்கி வைத்த வாய்தான் ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பாய்கிறது என்று கணவர் சொல்வார்.

ஒரு வாரம் வழியில் இருக்கிறதே என்று பெரியண்ணன் வீட்டில் எட்டிப் பார்த்திருந்தாள். அண்ணியைத் தவிர வேறு யாரும் இல்லை. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனவள் கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளிக்கொண்டாள். மேடையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு அடுப்பு. இரண்டு கெட்டில். இரண்டு உப்பு ஜாடி. ஃப்ரிட்ஜைத் திறந்தால் மேல் தட்டில் ஒரு பால் பாக்கெட், கீழ்த் தட்டில் ஒரு பால் பாக்கெட். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டம்ளரைத் தட்டினாள்.

"துணுக்குக் கேள்வி. நம்ம குடும்பத்துல எந்த வீட்டு அடுக்களையில ரெண்டு அடுப்பு, ரெண்டு கெட்டில், ரெண்டு உப்பு ஜாடி இருக்கு?"

முதல் பதில் வரவில்லை. அவளுக்கு அது சற்று வினோதமாக இருந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் ஊகிக்கத் தொடங்கினார்கள். ஹோட்டல் ஆரம்பித்தவர் யார் என்று ஒருவர் கேட்டார். விடையைச் சாயங்காலம் அவளே சொன்னாள். சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பெரியண்ணன் மட்டும் வாய் திறக்கவில்லை. அண்ணியும் இல்லை, அதே வீட்டில் இருக்கும் அவர்கள் மகனும் இல்லை, மருமகளும் இல்லை.

திங்கட்கிழமை அவள் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. உறங்குகிறார் போலும் என்று நினைத்தாள். செவ்வாயும் அப்படியே. சீக்கிரம் படுக்கிறவர் இல்லையே என்று அப்போதுதான் உறுத்தியது.

புதன்கிழமை கடைக்கு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஒரே பையில்தான் துணி கொண்டுவந்திருந்தார்கள். அவள் வழக்கம்போல ஒரு டோக்கனை எடுத்தாள்.

"ரெண்டா போடுங்க. என்னுது தனி, அவருது தனி" என்றாள் அந்தப் பெண்.

"ஒரே வீடுதானே?"

"வீடு ஒண்ணுதான்" என்றார் அந்த ஆள், கூரையைப் பார்த்துக்கொண்டே.

அவள் கையில் ஊசி நின்றுபோனது. வீடு ஒன்று. டோக்கன் இரண்டு. அடுப்பு இரண்டு. கெட்டில் இரண்டு. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒன்றையும் பார்க்கவில்லை.

"டோக்கன் கிடைக்குமா, இல்ல நாளைக்கு வரட்டுமா?" என்று அந்த ஆள் கேட்ட பிறகுதான் கை அசைந்தது.

அன்று மூன்று சட்டைகளுக்கு டோக்கன் மாற்றிக் குத்தினாள். முதலாளியம்மா ஒருமுறை பார்த்தாள், இரண்டாம் முறை முறைத்தாள்.

பெரியண்ணன் குடும்பம் பிரியாத குடும்பம் என்பது சொந்தத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அதை எல்லோருக்கும் தெரியவைத்தவரும் அவரேதான். சின்னண்ணன் வீட்டில் மகனும் மருமகளும் தனிச் சமையல் என்று போனபோது, எல்லோர் நடுவிலும் எழுந்து நின்று, "ஒரே கூரைக்குள்ள ரெண்டு உலை கொதிச்சா அதுக்குப் பேரு வீடு இல்ல, சத்திரம்" என்றார். பேசாதவர் பேசியதால் அந்தப் பேச்சு எல்லோர் மனதிலும் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. இப்போது அவர் வீட்டிலேயே இரண்டு உலை. அதை அவர் எந்த மூலையில் மறைத்து வைத்தாரோ, அங்கிருந்து தங்கை எடுத்து வந்து டம்ளர் தட்டி அறிவித்துவிட்டாள்.

வியாழக்கிழமை பெரியக்கா போன் செய்தாள். "என்னடி, அண்ணன் வீட்ல அடுப்பு தனியா போயிடுச்சாமே. நல்ல செய்திதான் போட்ட."

"நான் அப்படிச் சொல்லலைக்கா. கெட்டிலைத்தான் சொன்னேன்."

"கெட்டிலுக்கு வாய் இல்லையா? சின்னண்ணன் நேத்து பெரியண்ணனுக்குப் போன் பண்ணி, சத்திரத்துல ரூம் காலியா இருக்கான்னு கேட்டானாம்."

அவளால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. போனை எடுப்பாள், அண்ணன் பெயரைப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். அந்தக் குரல்பதிவை அழித்துவிடலாம் என்று தேடிப் போனாள். எல்லோரும் கேட்டாயிற்று. அழித்தால் அழித்த தடம் வேறு நிற்கும். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். கணவர் இரவுச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை உப்புப் போட்டிருக்க."

அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை கடை முடிந்ததும் பேருந்து ஏறினாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் கோத்துப் பார்த்தாள். மன்னித்துக்கொள் என்றால், நடந்தது உண்மை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். எதுவும் தெரியாதது போல் சிரித்தால் அது அதைவிடக் கேவலம். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போய், திரும்பி நடந்தாள்.

கதவைத் திறந்தது அண்ணன்தான். ஒரு கணம் அவளைப் பார்த்தார். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய மின்விசிறி ஒன்றின் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். மகன் உள்ளறையில் இருந்தான். கதவிடுக்கில் அவன் கால் தெரிந்தது. வெளியே வரவில்லை.

"டீ குடிக்கிறியா?" என்று அடுக்களையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"நியூஸ் அத்தை, டீ போடறேன்" என்று அதே அடுக்களையிலிருந்து மருமகளின் குரலும் வந்தது.

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்து மோதி நின்றுவிட்டன. அண்ணன் கையில் திருப்புளி நின்றது.

"குடிக்கிறேன்" என்றாள் அவள், யாருக்கு என்று சொல்லாமல்.

இரண்டு கெட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சீறின. அண்ணி ஒரு டம்ளரோடு வந்தாள். பின்னாலேயே மருமகள் ஒரு கப்போடு வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவள் முன்னால் வைத்துவிட்டு ஆளுக்கொரு சுவரோரம் நின்றார்கள். எதை முதலில் எடுப்பது? அவள் இரண்டு கையாலும் இரண்டையும் எடுத்தாள். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். ஒன்றில் சர்க்கரை தூக்கல், ஒன்றில் இஞ்சி தூக்கல். நாக்கு சுட்டது. நிறுத்தாமல் குடித்தாள்.

"மெதுவா குடி. யாரும் பிடுங்க மாட்டாங்க" என்றாள் அண்ணி. அவள் குரலில் கோபமா, களைப்பா, தெரியவில்லை.

ஏன் பிரிந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. கை உள்ளே போயாயிற்று, வாய் போகக்கூடாது. மருமகளின் கையில் புதிதாக ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது, அண்ணியின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பார்த்தாள். பார்த்ததை அங்கேயே விட்டாள்.

"அண்ணா" என்றாள்.

"ம்."

"நான் வேணும்னு பண்ணலை."

அண்ணன் திருகாணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பஸ் போயிடும், கிளம்பு" என்றார்.

வாசல் வரைகூட வரவில்லை.

அன்று இரவு முழுக்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் டம்ளரும் கரண்டியும் மேசைமேல் இருந்தன. செய்தி சொல்லாமல் விட்டால் ஏன் என்று முப்பது பேர் கேட்பார்கள், பழைய கேள்வி மறுபடி கிளறப்படும். சொல்லவோ வாய் வரவில்லை. டம்ளரை எடுத்தாள், வைத்தாள். பாலை அடுப்பில் வைத்தாள். மறுபடி டம்ளரை எடுத்தாள்.

"தட்டப் போறியா, இல்ல தேய்க்கப் போறியா?" என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

தட்டினாள். ஒருத்தருக்குப் புதுக் கண்ணாடி, ஒரு வீட்டுப் பூனைக்கு நாலு குட்டி, பெரியக்கா வீட்டுக் குழாய் ஒருவழியாகச் சரியானது. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. கேள்விக்கான இடம் வந்ததும் மூச்சு இழுத்துக்கொண்டாள்.

"துணுக்குக் கேள்வி. நம்ம குடும்பத்துல கண்ணு பெருசு, வாய் அதைவிடப் பெருசு, புத்தி மட்டும் பூனைக்குட்டி அளவு. யாரு அது?"

அனுப்பிவிட்டாள்.

ஒன்றும் வரவில்லை. எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது, யாருக்கும் சொல்லத் தைரியம் இல்லை போலும். பெரியக்கா மட்டும் எதையோ எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள், நிமிர்த்தினாள். ஜன்னலுக்குப் போனாள். அண்ணன் கேட்டிருப்பாரா? அவர் பெயரின் பக்கத்தில் கேட்டதற்கான அடையாளம் இருந்தது. கேட்டுவிட்டார். கேட்டும் பேசவில்லை. அப்படியென்றால் இனி எந்த ஞாயிறும் பேசப்போவதில்லை.

போன் துடித்தது.

"நான்தான்."

பெரியண்ணனுடைய பதில். வழக்கமான அந்த ஒரே வார்த்தை, முன்னும் பின்னும் எதுவும் இல்லாமல். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த கணம் குழு மொத்தமும் அவிழ்த்துவிட்டாற்போல் ஆனது. "பொய், அது நியூஸ் அத்தை" என்று ஒருவன், "அண்ணன் சொன்னா சரிதான்" என்று ஒருத்தி. சின்னண்ணன்கூட ஒரு சிரிப்புப் படம் போட்டார்.

"பால் பொங்குது" என்றார் கணவர்.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். வழிந்த பாலைத் துடைக்கும்போதும் போன் இடது கையில்தான் இருந்தது. பெரியண்ணன் மகனின் பெயருக்குக் கீழே அவன் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. அப்பாவுக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறான். நின்றது. மறுபடி எழுதினான். மறுபடி நின்றது.

துணியைப் பிழிய மறந்து, சொட்டச் சொட்டக் கையில் பிடித்தபடி, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.